யானைக் காசின் பச்சை

என் வீட்டுக்காரரிடம் நாற்பது ஐம்பது பழங்காசுகள் இருந்தன. அவற்றில் ஒன்றுதான் அவருக்கு உயிர். சதுரமான செம்புக் காசு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். சேர ராஜா காலத்துக் காசு என்பார். காசு அசல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அதன்மேல் படிந்திருந்த பச்சைதான் பொய். அந்தப் பச்சையை உண்டாக்கியவள் நான். இதை ஒரு ஆளிடமாவது வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று ஒன்பது வருஷம் தவித்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீடு சூலூரில். பிள்ளைகள் இல்லை. அவரும் நானும்தான். அவர் மில்லில் டைம் கீப்பராக இருந்தார். நான் பம்ப்செட் மோட்டார் செய்கிற கம்பெனியில் இருபத்தாறு வருஷம் காயில் சுற்றினேன். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி, பள்ளத்தில் இறக்கி, வார்னிஷ் ஊற்றி இறுக வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த வேலை. கம்பெனியை விட்டு நின்ற பிறகும் அக்கம்பக்கத்தார் சீலிங் ஃபேன், மிக்ஸி என்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். சுற்றிக் கொடுப்பேன். ஆகவே செம்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் என் செம்பு வேறு, அவர் செம்பு வேறு என்றுதான் அவர் கடைசிவரைக்கும் நினைத்திருந்தார்.

அந்தக் காசு வந்தது பாய் கடையிலிருந்து. உக்கடத்தில் பழைய பித்தளை, செம்புச் சாமான் வாங்கி விற்கிற பாய். நொய்யல் கரைப் பக்கம் யாரோ காடு உழுதபோது கிடைத்ததாம். ஓட்டை அண்டா, நசுங்கின குடம் இவற்றோடு மூட்டையில் வந்து விழுந்திருக்கிறது. பாய் அதை மட்டும் எடுத்து இவருக்கென்று தனியாக வைத்திருந்தார். இவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் பாய்தான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். இரண்டு பேரும் முன்னறையில் மேசையை இழுத்துப் போட்டு, பூதக்கண்ணாடியும் காசுமாக உட்கார்ந்தால் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். நான் காபியை வைத்துவிட்டு அடுக்களை வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்பேன். என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை, போகச் சொன்னதும் இல்லை.

கேட்டுக் கேட்டே எனக்கு எல்லாம் மனப்பாடம். "காசோட வயசு அதோட பச்சையிலதானுங்க இருக்குது பாய்" என்று ஆரம்பிப்பார். மண்ணுக்குள் வெகுகாலம் கிடந்த செம்பில் முதலில் செங்கல் நிறத்தில் ஒரு படை ஏறும். அதற்கு மேல்தான் பச்சை. அசல் பச்சை கல் மாதிரி கெட்டி, நகத்தால் சுரண்டினால் வராது. கள்ளப் பச்சை மாவு மாவாக உதிரும். அசல் ஒரே சீராக இருக்காது, பள்ளத்தில் தடிப்பாகவும் மேட்டில் மெல்லிசாகவும் இருக்கும். விரலில் தேய்த்து மோந்து பார்த்தால் புதுச் செம்பின் கவிச்சி வரக்கூடாது. பச்சையை எடுத்துவிட்ட காசு தோலை உரித்த உடம்பு, அதை யாரும் கையில் தொட மாட்டார்கள் என்பார். அடுக்களைக்காரியான எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். செம்புப் பாத்திரத்தில் மோரை ஊற்றி வைத்தால் ஒரே ராத்திரியில் களிம்பு ஏறும், அதைத் தேய்த்துத் தேய்த்தே எனக்குக் கை ரேகை அழிந்துபோனது. இந்த மனிதர் அதே களிம்புக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்துக் கும்பிடு போடுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் நல்லவர். கை நீட்டினதில்லை, கெட்ட வார்த்தை பேசினதில்லை. கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேனே தவிர, அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். கல்யாணமான நாலாம் வருஷம் அவருடைய பழைய ரேடியோ ஒன்றை, ரிப்பேர் என்று நினைத்து, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன். நாற்பத்தொரு நாள் பேசவில்லை. சோறு வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து, "இன்னைக்கு எனக்கு ராத்திரிச் சோறு வேண்டாமப்பா" என்பார். நாய்க்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. சிரிப்பாகத்தான் இருக்கும், கேட்பவர்களுக்கு. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர் பேசாமல் போனால் மற்றவர் சுவரோடுதான் பேச வேண்டும். நான் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்காக ஏங்கி ஓடுவேன். அதற்குப் பிறகும் பத்து நாள், பதினைந்து நாள் என்று வந்துகொண்டுதான் இருந்தது. வயது ஏற ஏற எனக்கு அதைத் தாங்கத் தெம்பு குறைந்துவிட்டது. அவர் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த பயம்.

ஒரு ஆயுத பூஜை அன்று காலையில், "அந்த யானைக் காசையும் பூசையில வெச்சுரு அம்மணி" என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, பொரியும் வாழைக்கன்றும் வாங்கக் கடைவீதிக்குப் போனார். நான் விடியற்காலையிலிருந்து துணி துவைக்கிற கல்லருகே குந்திக்கொண்டு விளக்கு, மணி, தாம்பாளம், என்னுடைய இடுக்கி, கத்தரி எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் புளி. கிண்ணமும் விளக்க வேண்டிய சாமான்களோடு சேர்ந்து வந்தது. சாமி முன்னால் ஒரு சாமானை அழுக்கோடு வைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. யோசிக்கவே இல்லை. கை அது பாட்டுக்குச் செய்தது. புளியும் செங்கல் பொடியும் போட்டு முன்னும் பின்னும் நாலு தேய்ப்பு, தண்ணீரில் ஒரு அலசு. நகத்துக்கு வராத பச்சை புளிக்குக் கரைந்துவிட்டது. வெயிலில் தூக்கிப் பார்த்தால், மேலே இருக்கிற இனாமல் பூச்சைச் சுரண்டின புதுக் கம்பி மாதிரி ரோஜா நிறத்தில் மின்னுகிறது. யானை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நேற்றுப் பிறந்தது போல நிற்கிறது.

அடக் கடவுளே! ரேடியோவுக்கே நாற்பத்தொரு நாள் என்றால் இதற்கு எத்தனை நாள்? மிச்சக் காலம் முழுக்க நாயோடுதான் பேசுவார் என்று பட்டது. கேட் திறக்கிற சத்தம் வேறு கேட்டது. ஓடிப்போய்ச் சந்தனத்தைக் குழைத்து, காசின் மேல் இரண்டு பக்கமும் தடிமனாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, தட்டில் வைத்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானும் சந்தனத்தில்தானே முழுகிக் கிடக்கும். அவர் பார்த்தார். "சந்தனத்தை அப்புறம் லேசா தண்ணியில அலசிப்போடு. தேய்ச்சுக் கீய்ச்சுப் போடாதே" என்றார். "சரிங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே அந்தியூரிலிருந்து போன் வந்தது. அவருடைய அண்ணன் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது, தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். ஒரு மாசம் வரவில்லை. மச்சாண்டார் இடுப்பு ஒடிந்ததற்குச் சாமிக்கு நன்றி சொன்ன பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஒரு மாசம் நான் வேறு ஆளாக இருந்தேன். முதலில் காயில் வேலைக் கழிவில் கிடந்த தடித்த செம்புத் துண்டுகளைச் சுத்தியால் தட்டி, காசு மாதிரி ஆக்கிக்கொண்டேன். எலுமிச்சையும் உப்பும் தடவினேன். சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி ஒரு பச்சை வந்தது, குழந்தைகூட நம்பாது. மோரில் போட்டேன், அழுகின நிறம். அப்புறம்தான் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது, பச்சைக்கு அடியில் செங்கல் நிறம் வேண்டும். தோசைக்கல்லைக் காய வைத்து அதன்மேல் செம்பைப் போட்டேன். சிவந்து, பழுத்து, அதே நிறத்தில் வந்து நின்றது. பச்சைக்கு என்ன செய்வது? பக்கத்து வீட்டில் மாடு இருந்தது. வீடு தெளிக்க என்று சொல்லிக் கோமியம் வாங்கிவந்து, உப்பைக் கலந்து, அதில் நனைத்த துணியில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது உட்கார்ந்துவிட்டேன். அசல் நிறம்.

ஆனால் உதிர்ந்தது. நகம் பட்டால் மாவாகக் கொட்டியது. அதற்கும் வழி என் கையிலேயே இருந்தது. காயிலுக்குப் பூசுகிற வார்னிஷைத் தின்னரில் கரைத்துத் தண்ணீராக்கி, ஒற்றை மயிர் பிரஷால் தொட்டுத் தொட்டு வைத்தேன். அது காய்வதற்கு முன்னால் செடித்தொட்டி மண்ணைச் சலித்துப் பள்ளங்களில் தூவினேன். துண்டுச் செம்பில் எட்டுத் தடவை செய்து பார்த்துவிட்டு ஒன்பதாவதாகத்தான் யானையைத் தொட்டேன். பிறகு வாசம் போகிறவரைக்கும் மொட்டை மாடியில் நாள் தவறாமல் வெயில் காட்டினேன். ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு கவனமாக நான் என் வாழ்நாளில் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அவர் ஊரிலிருந்து வந்த முதல் ஞாயிறு பாய் வந்தார். காசு மேசைக்கு வந்தது. நான் நிலையில் நின்றேன். அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "ஏனுங்க பாய், பூசைக்குச் சந்தனம் வெச்ச பொறகு இதுல கொஞ்சம் நெறம் மாறியிருக்கற மாதிரி இருக்குதுங்களா?" என்றார். செத்தேன் என்று நினைத்தேன். பாய் வாங்கினார், நகத்தால் கீறினார், குண்டூசி முனையால் குத்திப் பார்த்தார், விரலில் தேய்த்து மோந்தார். "சந்தனத் தண்ணி பட்டதுல கொஞ்சம் எண்ணெய் ஏறியிருக்குமுங்க. மத்தபடி அச்சு அசலுங்க சார். என்ற மூட்டையில பாத்த அதே பச்சை" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி, "அம்மணி, இங்க வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக மேசைக்குக் கூப்பிட்டார். எழுந்து, தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "அந்தக் காலுக்குக் கீழ பாரு. பச்சை எப்படி இறங்கியிருக்குது பாத்தியா? இது மனுசன் கையால வராது" என்றார். பார்த்தேன். யானையின் பின்னங்காலுக்கு அருகில் என் பிரஷ் எட்டாத இடத்தில் பச்சை உதிர்ந்து கடுகளவு ரோஜா நிறம் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. அவர் அங்கே பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க, அருமையா இருக்குதுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேச ஆரம்பித்தார். ஞாயிறு மட்டுமில்லை, சாப்பிடும்போது, கரண்ட் போன நேரத்தில், துணி மடிக்கும்போதெல்லாம் அந்தக் காசைப் பற்றிப் பேசினார். அது எந்தச் சந்தையில் புழங்கியிருக்கும், யார் இடுப்பில் முடிந்து வைத்திருப்பார்கள், எப்படித் தவறி விழுந்திருக்கும் என்று. நான் ஆசைப்பட்டது அதுதானே, வீட்டில் பேச்சு. கிடைத்தது. ஆனால் அவர் ஒவ்வொரு தடவை "பச்சை" என்று சொல்லும்போதும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி எனக்கு இருக்கும். கத்தவும் முடியாது. சின்ன அட்டை ஒன்றில் தன் முத்தான கையெழுத்தில் எழுதிக் காசோடு வைத்தார்: "சேரர் காசு. பச்சை இயற்கையானது. கை படாதது." கை படாததாம்! எத்தனை நாள் பட்டது என்று எனக்கல்லவா தெரியும்.

கோயம்புத்தூரில் டவுன் ஹால் பக்கம் ஒரு மாடியில் மாசத்துக்கு ஒரு ஞாயிறு காசு சேர்க்கிறவர்கள் கூடுவார்கள். பாயும் இவரும் சேர்ந்து போவார்கள். யானைக் காசுக்கு அங்கே பெரிய பேர். நாலைந்து வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு தடவை போன மனிதர் இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். திருப்பூர்க்காரர் ஒருவர் காசை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "தப்பா நெனச்சுக்காதீங்க, பச்சை சந்தேகமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டாராம். பாய்க்கும் அந்த ஆளுக்கும் கைகலப்பு ஆகப் பார்த்ததாம். "எம் பொருளைக் கள்ளம்னு சொன்ன எடத்துக்கு இனி நான் போறதில்ல" என்றார் இவர்.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஏனுங்க, அந்தப் பச்சையிருக்குதுங்களே..." என்று தொடங்கினேன். "உனக்கு அதுல என்ன தெரியும், போய்க் காபி வை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சோர்ந்து போய்ச் சொன்னார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. சொல்ல வந்தேன், அவர்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு காபி வைக்கப் போனேன். அவர் சொன்னபடியே அந்தப் படியை மறுபடி மிதிக்கவில்லை. அந்த ஞாயிறுகளில் திண்டாடுவார். வாசலுக்கும் முன்னறைக்கும் நடப்பார். "இந்நேரம் எல்லாம் கூடியிருப்பாங்க" என்பார். அவருக்கு உலகத்தில் இருந்த பத்துப் பேரை நான் பறித்துவிட்டேன். பாய் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார்.

போன வருஷம் நெஞ்சு வலி என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கட்டும். வீடு அமைதியாகிவிட்டது. பழைய அமைதி மாதிரி இல்லை இது. அதில் பக்கத்து அறையில் ஒரு செருமல் இருக்கும், செருப்புச் சத்தம் இருக்கும். இதில் ஃபிரிஜ் ஓடுகிற சத்தம்தான். நான் வேண்டுமென்றே பாத்திரத்தைக் கீழே போடுவேன்.

ஐந்து மாசம் கழித்து ஒரு ஞாயிறு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பதினோரு மணி. பாய் உள்ளே வந்து, என் வீட்டுக்காரருக்கு எதிரே வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மணி, ஒரு நல்ல விசயமுங்க. டவுன் ஹால்ல நம்ம ஆளுங்க ஒரு கண்காட்சி போடறாங்க. சாரு பேருல ஒரு பெட்டி தனியா வெக்கறதுன்னு நான் பேசி முடிச்சுப்போட்டேன். யானைக் காசு நடுவுல. அந்தத் திருப்பூர்க்காரரும் வருவாரு. வந்து பாக்கட்டும்" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. இந்த மனிதரிடம் சொல்லாவிட்டால் இனி யாரிடமும் சொல்ல முடியாது, பொய் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும் என்று தெரிந்தது. காசுப் பெட்டியைத் திறந்து யானைக் காசை அதன் அட்டையோடு எடுத்து மேசையில் வைத்தேன்.

"பாய், இந்தப் பச்சை பொய்யுங்க. நான் பண்ணினது."

பாய் சிரித்தார். இரக்கமான சிரிப்பு. "மனசு சரியில்லாதப்ப இப்படியெல்லாம் தோணுமுங்க அம்மணி."

"நெசமாத்தானுங்க சொல்றேன். ஆயுத பூசைக்குத் தெரியாம புளி போட்டு வெளக்கிப்போட்டேன். அப்புறம் கோமியத்துல போட்டு வெச்சு..."

"கோமியத்துலயா?" இப்போது வாய்விட்டே சிரித்துவிட்டார். "ஏனுங்க, நான் பொறந்ததே பழைய செம்புக்கு நடுவுலீங்க. எனக்குத் தெரியாதுங்களா? ஊட்டுல பொம்பளைங்க பண்ற காரியமுங்களா இது? இங்க பாருங்க, சார் கைப்பட எழுதியிருக்காரு. பச்சை இயற்கையானதுன்னு. சார் பொய் எழுதுவாருங்களா?"

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. ஒன்பது வருஷம் நெஞ்சில் வைத்துப் புழுங்கினதை எடுத்துச் சொன்னால், அட்டையில் இருக்கிற நாலு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லையா? ஜன்னல் திட்டில் ஃபேன் வேலைக்கு வைத்திருந்த தின்னர் பாட்டிலை எடுத்தேன். பஞ்சை நனைத்தேன். "பாருங்க பாய்" என்று யானையின் மேல் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். பஞ்சு பச்சையாக வந்தது. இன்னொரு இழுப்பு. செடித்தொட்டி மண்ணும் சேர்ந்து வந்தது. பாதிக் காசு சிவப்பாகக் கிடந்தது.

பாய் குனிந்து அதைப் பார்த்தார். தொடவில்லை.

"சாருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

எழுந்து நின்றார். அந்த மனிதர் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று உயர்த்தினார். "என்ற மூட்டையில இருந்து வந்துது, அதே பச்சைதான்னு அத்தனை பேரு முன்னாடி வாக்குக் குடுத்தனுங்களே! அந்தாளு சட்டையப் புடிக்கப் போனனுங்களே! அவுரு சொன்னது நெசம். சாரு அதோட அந்தப் படி ஏறலீங்க. எத்தனை ஞாயித்துக்கெழம இந்த நாற்காலியில உக்காந்து என்கிட்ட அழுகாத குறையா பேசியிருப்பாரு. நீங்க அங்கதானுங்களே நின்னீங்க? அந்த நெலையிலதானுங்களே நின்னு கேட்டுட்டிருந்தீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கோபம் இறங்கி, குரல் உடைந்து போயிருந்தது. "இத்தனை வருசம் பேசாம இருந்தீங்களே அம்மணி, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்திருக்கலாமுங்க. என்ற கண்ணுக்காச்சும் சார் ஜெயிச்சிருப்பாரு" என்றார். அவர் வந்ததும் நான் வைத்த காபி ஆறிக் கிடந்தது. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு பாய் வரவில்லை. கண்காட்சி நடந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். மேசையில் உட்கார்ந்து அழுதேன், அவர் போனதற்கு வராத அழுகை அன்று வந்தது. பாரம் ஒன்றும் இறங்கவில்லை. பாய் வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. பேசாமல் இருந்தீர்களே என்றாரே, அது.

நான் எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தேன்? அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்று. முப்பத்து நாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசாமலிருந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம்கூட வராது. அந்த நாட்களிலும் அவர் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். எதற்காக என்று தெரியும். என்றைக்காவது முடியும் என்றும் தெரியும். நான் அவரிடம் ஒன்பது வருஷம் பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டேன், கூப்பிட்டபோது போய்க் கண்ணாடியில் பார்த்தேன், ஆமாங்க ஆமாங்க என்றேன். பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை. அது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு, கடைசி நாள் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார், பாவம்.